தாம்பரம் விமானமும் கீவ் தொழிற்சாலையும்

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. தமிழ்நாடே ‘கபாலி’ ரிலீஸ் பரபரப்பில் இருந்த காலை. 8.30 மணிக்கு, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஏஎன்-32 விமானம் ஒன்று 29 பேருடன் போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. அது போய்ச் சேரவேயில்லை.

ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில்தான் பதில் கிடைத்தது. வங்கக் கடலில் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் உடைந்த பாகங்களைப் படம்பிடித்தது, பக்கத்துப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி.

அந்த விபத்துக்கும் இனி வரும் கதைக்கும் முடிச்சுப் போட வேண்டாம். ஆனால், ஏஎன்-32 பிறந்த ஊரின் கதை தெரிந்துகொள்ள வேண்டியது.

ஏஎன்-32, கீவ் நகரிலுள்ள ஆன்டனோவ் நிறுவனத்தின் தயாரிப்பு. 1984 முதல் இந்தியா இதை வாங்கியபோது, விற்றது சோவியத் யூனியன். 1991-ல் அந்தப் பெரிய வீட்டில் பாகப்பிரிவினை நடந்தது. ஆன்டனோவ், புதிய நாடான உக்ரைனின் பங்குக்கு வந்தது. கூடவே, உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் குவியலும் அதன் மண்ணில் இருந்தது!

ஆனால், அவற்றை ஏவும் ரகசியக் குறியீடுகள் மாஸ்கோவின் கையில். பராமரிக்கவோ பணமில்லை. செர்னோபில் விபத்தின் காயமும் ஆறவில்லை. ஆயுதங்களைக் கொடுத்துவிட உக்ரைன் சம்மதித்தது. பதிலுக்கு, ‘உன் எல்லையை மதிப்போம்’ என்று 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்ட்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்துப் போட்டன. 1996-ல் கடைசி அணுகுண்டும் ரஷ்யாவுக்குப் போனது. 2010-ல், ‘எந்த ராணுவக் கூட்டணியிலும் சேர மாட்டோம்’ என்று உக்ரைன் சட்டமே போட்டது.

2014-ல் கிரைமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே உக்ரைன் அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. 2019-ல், நேட்டோவில் சேர்வதே இலக்கு என அரசியலமைப்பிலேயே எழுதியது. 2022 பிப்ரவரியில் முழுப் போர்.

இந்தச் சண்டையின் சூடு இந்தியாவையும் தொட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஏஎன்-32 விமானங்களைப் புதுப்பிக்க 2009-ல் உக்ரைனுடன் இந்தியா ஒப்பந்தம் போட்டிருந்தது. 40 விமானங்களுக்கு உக்ரைனில் வேலை, மற்றவற்றுக்குக் கான்பூரில். 2014-க்குப் பிறகு உதிரிபாக வரத்து தடைபட, கான்பூர் வேலை தாமதமானது. எங்கோ இரண்டு பங்காளிகள் மோதிக்கொள்ள, இங்கே ஸ்பேனர் பிடித்தவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

உக்ரைன் தன் பாதுகாப்பை அடுத்தவர் கையெழுத்தில் வைத்தது. இந்தியா தன் விமானங்களின் ஆயுளை அடுத்தவர் தொழிற்சாலையில் வைத்தது. இரண்டுக்கும் பாடம் ஒன்றுதான். நட்பு வேண்டும், ஒப்பந்தமும் வேண்டும். ஆனால் போட்ட கையெழுத்துக்கு மதிப்பு, போட்டவர் மனம் மாறாத வரைதான்.

‘தன் கையே தனக்கு உதவி’ என்று பெரியவர்கள் சொன்னது வீட்டுக்கு மட்டுமல்ல, நாட்டுக்கும்தான்.