ஒருநாளும் கேட்டதில்லை

சுன்னாகத்தில் நாங்கள் பெற்றோரைப் பட்டினி போடவில்லை. அதுவே போதும் என்று இருந்துவிட்டோம். அங்கேதான் பிழை விட்டோம்.

காங்கேசன்துறை வீதியை அண்டிய ஒழுங்கைகளில் பெரிய கேற்றும் மாபிள் தரையுமாக வீடுகள் நிற்கின்றன. காசு கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறது. உள்ளே அம்மா மட்டும். வட்ஸ்அப்பில் பிள்ளை கூப்பிட்டால் போனை முகத்துக்குக் கிட்டப் பிடிப்பார், நெற்றிதான் தெரியும். "சாப்பிட்டீங்களோ அம்மா?" "ஓம் பிள்ளை, சாப்பிட்டனான்." குசினியில் காலையில் வாங்கிய பாண் அப்படியே கிடக்கும். பிள்ளைக்கு அது தெரியாது. அயலில் இருக்கும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எட்டிப் பார்க்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள் எங்கள் வலிகாமமே போரால் இடம்பெயர்ந்து நடந்தபோது, எங்களைத் தோளில் சுமந்து நாவற்குழி கடந்து தென்மராட்சிக்குக் கொண்டுபோனவர்கள் இந்தப் பெற்றோர்தான். அன்று 40 வயதில் இருந்தவர்கள் இன்று 70ஐத் தாண்டுகிறார்கள். அந்த வழியில் இருக்கும் கைதடியில்தான் வடக்கு மாகாணத்தின் அரச முதியோர் இல்லமும் இருக்கிறது. அங்கே இடம் கிடைக்குமா என்று விசாரிக்கும் நாங்கள், அங்கே இருப்பவர்களைப் பார்க்கப் போவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்கிறது. தம்மைத் தாமே பார்க்க முடியாதவர்கள் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரி முறையிட ஒரு சபையையும் அது அமைத்தது. இதை எத்தனை தாய்மாருக்குச் சொன்னோம்? குடும்ப மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

அரசியலிலும் இதே மௌனம். 2013இல் நாங்கள் தெரிவு செய்த வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பிறகு ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லை. முதியோர் இல்லங்களைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டிய கதிரைகள் வெறுமையாகின. நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் குடியேறிய கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலோ முதியோருக்கென்று ஓர் அமைச்சு இருக்கிறது. வணிகத் துறையிலிருந்து அரசியலுக்கு வந்து, 2018இல் ரிச்மண்ட்ஹில் தொகுதியில் வென்ற டெய்சி வாய், அந்த அமைச்சருக்குப் பாராளுமன்ற உதவியாளராகப் பொறுப்பேற்றார். சுன்னாகமும் சந்தையால் வளர்ந்த ஊர். இங்கே வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர்களிடம் திருவிழா உபயம் கேட்டோம், பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கேட்டோம். வயது போனவர்களுக்காகப் பேசச் சபைக்குப் போங்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இனிக் கேட்போம். வீடு தேடி வந்து பார்க்கும் தாதி, முழங்கால் வலியோடும் ஏறக்கூடிய பஸ், தபால் கந்தோரில் காத்து நிற்காமல் கைக்கு வரும் கொடுப்பனவு: இந்த மூன்றுக்கும் என்ன செய்வீர்கள் என்பதே வாக்குக் கேட்டு வருபவரிடம் எங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். பதில் இல்லாதவருக்கு வாக்கும் இல்லை.