தோட்டத்து மாடு எங்கே மேயும்? பால் பண்ணைக் குடும்பங்களுக்கு மாநிலச் சட்டம் ஏன் தேவை

நீங்கள் குடிக்கும் தே தாரிக்கில் இருப்பது டின் பால். அதற்கான பால்மாவு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆனால் உங்க தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். கோலசிலாங்கூர் புக்கிட் பெலிம்பிங் போன்ற தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்தது. கறந்த பால் அப்படியே வீட்டுக்கு வந்தது. அந்த மாடுகளுக்கு இப்போது என்ன ஆனது?

அந்த மாடுகள் எங்கிருந்து வந்தன?

இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களோடு வந்தவைதான். கால்நடைத் துறை இந்த இனத்தை ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’ என்று பதிவு செய்திருக்கிறது. பிறகு பால் அளவைக் கூட்ட ஃபிரீசியன், சாஹிவால் கலப்பில் ‘மாஃப்ரிவால்’ என்ற இனத்தையும் அரசாங்கம் உருவாக்கியது. அதாவது, இந்த நாட்டுப் பால் தொழிலின் தொடக்கத்தில் தோட்டத்துக் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு.

மேய்ச்சல் நிலத்துக்குச் சட்டம் இருந்ததா?

இருந்தது. ஆங்கிலேயர் காலத் தொழிலாளர் சட்டத்தில், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு 1/16 ஏக்கர் கணக்கில் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ நிலம் ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. சுமார் 2,720 சதுர அடி, அதாவது மூன்று பூப்பந்து மைதானம் அளவு. சின்ன இடம்தான், ஆனாலும் அது சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. சிக்கல் என்னவென்றால், அந்த உரிமை வேலையோடு ஒட்டியது. வேலை போனால் நிலமும் போச்சு.

இப்போது என்ன சிக்கல்?

பால்மரம் போய் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகின. மாடு வளர்க்கும் குடும்பங்களுக்குச் சொந்த நிலம் இல்லை. நிர்வாகங்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு: மாடு இளம் செம்பனைக் கன்றுகளைத் தின்றுவிடும், சாலைக்கு வந்தால் விபத்து. ஆனால் மரம் வளர்ந்த பிறகு மாடுகளை முறையாக மேய விட்டால் புல் வெட்டும் செலவு குறையும். செம்பனையோடு மாடு வளர்க்கும் திட்டத்தை அரசாங்கமே ஊக்குவித்திருக்கிறது. அதனால் மாடு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. எங்கே, எந்த உரிமையோடு மேயலாம் என்பதுதான்.

‘தி.ஓ.எல்’ போதாதா?

அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் உரிமம்தான் தி.ஓ.எல். 1965 தேசிய நிலச் சட்டப்படி அது அந்த ஆண்டு டிசம்பர் 31 வரைதான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். ஒரு கன்று பால் கறக்கும் பசுவாக வளரவே இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். ஓராண்டு உரிமத்தை நம்பி யார் கொட்டகை கட்டுவார்? எந்த வங்கி கடன் கொடுக்கும்? அப்பாவுக்குப் பின் பிள்ளை எப்படித் தொடர்வது?

இதில் மாநிலம் என்ன செய்ய முடியும்?

நிறையவே. கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணையில் நிலமும் விவசாயமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. கால்நடை வளர்ப்பு, கூட்டரசும் மாநிலமும் பகிரும் பட்டியலில் வருகிறது. எனவே ஷா ஆலாமில் உள்ள சிலாங்கூர் சட்டமன்றத்துக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. மேய்ச்சலுக்கென நிலத்தை அரசிதழில் ஒதுக்கலாம், குடும்பங்களுக்கு நீண்டகாலக் குத்தகை தரலாம், வேலியும் காதணி எண்ணும் கட்டாயம் என்று நிபந்தனையும் போடலாம்.

நிலம் மட்டும் போதுமா?

போதாது. கறந்த பால் சில மணி நேரத்தில் கெட்டுப் போகும். வாங்க ஆள் வேண்டும். தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே கிராமக் கூட்டுறவுச் சங்கம் பாலை வாங்கி ஆவினுக்கு அனுப்புகிறது, விலையை அரசு அறிவிக்கிறது. 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. அது பத்தாது என்று விவசாயிகள் குறை சொன்னார்கள், உண்மைதான். ஆனால் குறை சொல்ல ஒரு விலையும், கேட்க ஒரு அரசும் அங்கே இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: நம் தொகுதியில் மாடு வளர்ப்பவர்களில் எத்தனை பேருக்கு ஓராண்டுக்கு மேல் நில உரிமை இருக்கிறது? மானியம், தீவனம், புது இன மாடு எல்லாம் அதற்குப் பிறகுதான். நிற்க இடமில்லாத மாட்டுக்கு மானியம் கொடுத்து என்ன பயன்?