கொறிக்கும் முயற்குட்டி

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தம் சிறுமியுடன் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். பேச்சு வீட்டில் வளரும் முயற்குட்டியைப் பற்றித் திரும்பியது. "வாங்கி இரண்டு மாதம் ஆகவில்லை. மேசைக்கால், பாயின் ஓரம், புடவைத் தலைப்பு, கைப்பேசிக் கம்பி, ஒன்றும் மிஞ்சவில்லை. நேற்று இவள் விரலையும் கடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேதாள் குன்றில் கொண்டுபோய் விட்டுவிடப் போகிறேன்" என்றார் அவர். சிறுமி ஒன்றும் பேசவில்லை; கண்கள் மட்டும் நிறைந்திருந்தன.

குன்றில் விடுவது விடுதலையன்று. புணே நகரைச் சூழ்ந்த குன்றுகளில் வாழும் முயல் வேறினம். அது புதர் மறைவில் பதுங்கியும் பாய்ந்தோடியும் பிழைக்கக் கற்றது. நாம் வளர்ப்பதோ ஐரோப்பியக் குழிமுயலின் வழித்தோன்றல். தமிழில் இரண்டிற்கும் முயல் என்றே பெயராதலால் மயக்கம் உண்டாகிறது. கூண்டில் பிறந்த வெள்ளைக் குட்டி நாய்க்கும் பருந்துக்கும் அன்றே இரையாகிவிடக்கூடும்.

அது ஏன் கொறிக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். முயலுக்குப் பற்கள் இருபத்தெட்டு. அவை வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்திற்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்கின்றன. நார் மிகுந்த புல்லை ஓயாது அரைத்தால்தான் அவை அளவோடு தேயும். தேயாவிடில் கோணி வளர்ந்து, உண்ணவும் இயலாமற் போகும். மேலும், மண்ணைக் குடைந்து வளை அமைக்கும் இனத்திற்குக் குறுக்கே வரும் வேரைக் கடித்து வழி செய்வது இயல்பு. தரையிற் கிடக்கும் மின்கம்பி அதற்கு இன்னொரு வேரே.

ஆதலின் முதல் மருந்து உலர்ந்த புல். உணவிற் பெரும்பங்கு, ஐந்தில் நான்கு பங்கு, அதுவாகவே இருக்கட்டும். மாட்டுத் தொழுவத்தாரிடமும் குதிரை லாயத்தாரிடமும் 'கவத்' என்று மராட்டியில் கேட்டால் புல் என்று புரிந்துகொள்வர். பூசணம் பிடிக்காததாகப் பார்த்து வாங்குக. குதிரைமசால் வளரும் குட்டிக்கு நன்று. ஆறு மாதத்திற்குப்பின் குறைத்துவிட வேண்டும், அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. கடித்து விளையாட மருந்து தெளிக்காத கொய்யாக் குச்சி கொடுக்கலாம். குடியிருப்புத் தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கும் அரளியை மட்டும் அருகே கொண்டுவரலாகாது, அது நஞ்சு.

இரண்டாவது, கம்பிகளை உயரத்தில் கட்டுக, அல்லது பிளாஸ்டிக் குழாய்க்குள் செலுத்துக. பாயும் புடவையும் போனால் வேறு வாங்கலாம். மின்சாரம் பாய்ந்த உயிரை வாங்க இயலாது. வீட்டார் கண்காணிக்க இயலாத நேரத்தில் குட்டியை வேலியிட்ட ஒரு மூலையில் வைத்தலே நலம்.

இனி விரலைக் கடிப்பது. முயலுக்குத் தன் மூக்கிற்கு நேர் முன்னே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. காரட் மணம் வீசும் விரலைக் கூண்டுக் கம்பியின் வழியே நீட்டினால், அதைத் தின்பண்டமென்றே எண்ணும். கையைக் கழுவிவிட்டு, பக்கவாட்டிலிருந்து மெல்ல நீட்டி, நெற்றியைத் தடவுக. பல் பதியாத சிறு கடி சில வேளை "என்னைக் கவனி" என்பதும், "வழி விடு" என்பதுமே. வலிக்கக் கடித்தால் "ஆ" என்று சட்டென ஒலி எழுப்பிக் கையை மெதுவாக விலக்கிக்கொள்க. அடித்தால் அச்சம் பிறக்கும். அச்சத்தில் இன்னும் ஆழமாகக் கடிக்கும். மூன்று முதல் ஆறு மாதத்திற்குள் பருவம் எய்துங்கால் முரட்டுத்தனம் தோன்றலாம். கருத்தடை பற்றி முயல்களை அறிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்கலாம். சாதுவாயிருந்தது திடீரெனக் கடித்தாலோ, உணவை மறுத்தாலோ, தாமதிக்கலாகாது, வலியே காரணமாயிருக்கக்கூடும்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது போல, "இது துஷ்டப் பிராணி" என்றே சாதித்துக்கொண்டிருந்தார் நண்பர். எனினும் விடைபெறுமுன், "புல் எங்கே கிடைக்கும் என்றீர்கள்?" என்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் குன்றுக்குச் செல்லவில்லை. தந்தையும் மகளும் ஒரு கட்டுப் புல்லைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினர்.