கராபு நிலமும் மேல்கோட்டைச் சாலையும்

மைசூரில் சைக்கிள் ஓட்டுவோர் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் வழித்தடக் குறிப்புகளை வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். ஏற்றம் எத்தனை விழுக்காடு, தார் எந்த இடத்தில் பெயர்ந்திருக்கிறது, இளநீர் எங்கே கிடைக்கும் என்பவையெல்லாம் துல்லியமாக இருக்கும். ஆனால் சாலை புதர்க்காட்டுக்குள் நுழைந்ததும் குறிப்பு சுருங்கிவிடும். "இதன்பின் ஒன்றுமில்லை" என்றொரு தொடர் மட்டும் வரும். இரண்டாண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் எழுதினேன்: "பாண்டவபுரம் கடந்து சில ஊர்கள் வரை நிழல் உண்டு. பிறகு மேல்கோட்டை அடிவாரம் வரை ஒன்றுமில்லை. இரண்டு புட்டி தண்ணீர் அவசியம்." அந்த "ஒன்றுமில்லை" என்னும் சொல்லைத் திரும்பப் பெறுவதற்காகவே இப்பதிவை எழுதுகிறேன்.

மைசூரிலிருந்து மேல்கோட்டை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மேல்கோட்டையின் மண்டயம் ஐயங்கார்களிடையே நூற்றாண்டுகளாகக் கன்னடத்தோடு கலந்து வழங்கிவரும் தமிழைப் பதிவு செய்வது என் ஆய்வின் ஒரு பகுதி. பேருந்தில் போகலாம். எனினும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளையே எடுத்தேன். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்டு முதல் இருசக்கர வண்டிகளுக்கே இடமில்லை. மிதிவண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அணுகுசாலை வழியாக ஸ்ரீரங்கப்பட்டணம் வரை சென்று, காவிரியைக் கடந்து, பாண்டவபுரம் நோக்கித் திரும்பவேண்டும். விசுவேசுவரய்யா கால்வாயின் நீர் எட்டும் வரை இருபுறமும் நெல்லும் கரும்பும். தொண்ணூர் ஏரியைப் பார்த்துவிட்டு ஜக்கனஹள்ளிப் பக்கம் ஏறத் தொடங்கினால் பசுமை விலகி, பாறையும் புதரும் தொடங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி இது. ஆடி மாதத்தில் எதிர்க்காற்று கியரை இரண்டு படி இறக்க வைக்கும். கடைசிச் சில கிலோமீட்டர்கள் எழுந்து நின்று மிதிக்க வேண்டியவை.

அந்த ஏற்றத்தில்தான் ஒருநாள் வேலமுள் தைத்து டயர் பஞ்சரானது. ஒட்டிக்கொண்டிருந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். "தாத்தா, இங்கே ஒன்றுமே இல்லாத இடத்தில் ஆடுகள் எதை மேய்கின்றன?" என்று கன்னடத்தில் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கோலை நீட்டிச் சொல்லிக்கொண்டு போனார்: பந்தரிகெ, ஆவரிகெ, எலச்சி, கள்ளி, பேவு. எது காய்ச்சலுக்கு, எதை ஆடு தொடாது, எதன் பழம் எந்த மாதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தி. டயரில் காற்று நிரம்புவதற்குள் பதினான்கு பெயர்கள் என் குறிப்பேட்டில் ஏறியிருந்தன. மொழியியல் படித்த எனக்கு அவற்றுள் பாதி, கேட்டவுடனேயே தெரிந்திருக்க வேண்டிய சொற்கள். ஆவரிகெ நம் ஆவாரை. எலச்சி இலந்தை. பேவு வேம்பு, தமிழின் வகர முதல் கன்னடத்தில் பகரமாவது முதலாண்டு மாணவரும் அறிந்த விதி. கள்ளி கள்ளியேதான். பந்தரிகெ மட்டும் வேறு சொல். அது நம் விராலி. மேல்கோட்டையின் தமிழைத் தேடிப் போனவன், வழிநெடுகப் பரந்திருந்த தமிழ்–கன்னடச் சொற்களஞ்சியத்தை "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறேன்.

இந்தப் பிழை என்னுடையது மட்டுமாக இருந்தால் ஒரு வழித்தடக் குறிப்பைத் திருத்துவதோடு முடித்திருப்பேன். ஆனால் இது நிலத்தைப் பற்றிய அரசு மொழியிலேயே அமர்ந்திருக்கிறது. கருநாடகத்தின் நில ஆவணங்களில் சாகுபடிக்கு உதவாதது என்று ஒதுக்கப்பட்ட நிலத்துக்குப் பெயர் "கராபு". அரபியிலிருந்து பாரசீக, உருது நிருவாக வழக்கின் ஊடாக வந்த சொல். பாழ், கெட்டது என்பது பொருள். பயிரிடத் தகாதது "ஏ கராபு". பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டது "பி கராபு". பாறைக்குன்றும் புதரும் பாதையும் ஓடையும் இந்த வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. வரி விளைவிக்காத நிலம் கெட்ட நிலம் என்னும் தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

தமிழிலும் நிலைமை மேலானதில்லை. வரிக் கணக்குக்குப் புறத்தே வைக்கப்பட்ட பொதுநிலம் என்பதே "புறம்போக்கு" என்பதன் முதற்பொருள். ஏரிக்கரையும் மேய்ச்சல் வெளியும் ஊருக்குப் பொதுவானவை, எவருக்கும் தனியுடைமையாகாதவை என்னும் காப்பு அதில் இருந்தது. இன்று அச்சொல் தெருச்சண்டையில் மனிதரை நோக்கி வீசப்படும் வசை. பொருள் இழிபுக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் இதைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். சொல் இழிந்தபோது நிலமும் சேர்ந்தே இழிந்தது என்பதை அந்த வகுப்பில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒன்றிய அரசின் நிலவளத் துறையும் தேசியத் தொலையுணர்வு மையமும் இணைந்து வெளியிடும் "தரிசுநில வரைபடத் தொகுதி"யின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு, நாட்டில் 5.5 கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பைத் தரிசு என்கிறது. நிலப்பரப்பில் ஏறத்தாழ 17 விழுக்காடு. அதன் வகைப்பட்டியலில் அடர்புதர் நிலமும் திறந்த புதர் நிலமும் இடம்பெறுகின்றன. ஆக, புதர் இருப்பதே தரிசுக்கு அடையாளம். இதே மேல்கோட்டைக் குன்றுகளில் 1974இல் ஓநாய்களைக் காப்பதற்கென ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்பில் காட்டுயிர்ச் சரணாலயம் அமைக்கப்பட்டது. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்தால் புதர் ஓநாயின் வீடு. இந்தப் பக்கம் இருந்தால் கராபு. தென்னிந்தியப் பாறைக்குன்றுகளின் புதர்களில் மட்டுமே வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னானுக்கு இந்த எல்லை தெரிய வாய்ப்பில்லை.

பெயர் சூட்டியபின் நடப்பவற்றைத் தேடி வெகுதொலைவு போக வேண்டாம். பாண்டவபுரத்தை அடுத்த பேபி பெட்டாவில் ஆண்டுக்கணக்காகக் கல் வெடிக்கப்பட்டது. கிருஷ்ணராஜசாகர் அணைக்கு ஆபத்து என்ற அச்சம் எழுந்த பிறகே அது செய்தியானது. 2024 ஜனவரியில் அணையைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை குவாரிகளுக்கு உயர்நீதிமன்றம் தடை விதித்தது. தடைக்கு அடிப்படை அணை. குன்றுக்காகவே குன்றைக் காக்க வேண்டும் என்று சொல்வதற்கு நம் நிருவாக மொழியில் சொல் இல்லை.

பல்கலைக்கழகத்தில் இருக்கும் நாம் இதில் வெறும் பார்வையாளர்களும் அல்லர். பழைய மைசூர் அரசு தன் அமிர்தமகால் மாடுகளுக்காகக் காத்துவந்த மேய்ச்சல் வெளிகளுக்குக் கன்னடத்தில் "காவல்" என்று பெயர். நம் காவல்தான், காக்கப்பட்ட புல்வெளி என்னும் பொருளில் அங்கே நிலைத்திருக்கிறது. சித்திரதுர்கா மாவட்டத்துச் செள்ளக்கெரெயில் அத்தகைய காவல் நிலத்தில் ஏறத்தாழ 10,000 ஏக்கர், 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாதுகாப்பு, அணு, விண்வெளி ஆய்வு அமைப்புகளுக்கும் இந்திய அறிவியல் கழகத்துக்கும் ஒதுக்கப்பட்டது. சுற்றிலும் உள்ள ஊர்களின் ஆடுமாடுகள் அங்கேதான் மேய்ந்தன. வெளிமான்களும் அங்கேதான் திரிந்தன. அறிவு நிறுவனங்களுக்காக நிலம் கேட்கப்பட்டபோது, அது வெற்றிடம் என்று காட்டப்பட்டதை அறிவுலகம் பெரும்பாலும் வினவவில்லை.

சொல்லை மாற்றினால் வெடி நின்றுவிடுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சொல் மட்டும் எதையும் நிறுத்தாது. ஆனால் சட்டம் வகைப்பாட்டின் வழியாகவே இயங்குகிறது. வகைப்பாடு சொல்லால் ஆனது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிப் புதர்க்காட்டை ஒருகாலத்தில் தாவரவியலாளர்கள் மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து இரவல் பெற்ற "மக்கியா" என்னும் சொல்லால் குறித்தனர். பின்னர் உள்ளூர் ஆப்பிரிக்கான்ஸ் சொல்லான "ஃபைன்போஸ்" நிலைபெற்றது. நுண்புதர் என்று பொருள் கொள்ளலாம். 2004இல் அந்நிலப்பகுதி உலக மரபுச் சின்னமானது. 1978 முதல் கேப்டவுனில் ஆண்டுதோறும் நடக்கும், பல்லாயிரம் பேர் பங்கேற்கும் சைக்கிள் ஓட்டம் அந்தக் குன்றுகளின் ஊடாகவே செல்கிறது. தாம் எதன் நடுவே மிதிக்கிறோம் என்பதற்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல் மட்டுமே அந்நிலத்தைக் காத்தது என்று நான் கூறவில்லை. பெயரற்றதைக் காக்கச் சொல்லி எவரும் மனுக் கொடுக்க முடியாது என்பதே என் வாதம்.

நமக்குச் சொல் பஞ்சமும் இல்லை. கன்னடத்தில் "குருச்சலு காடு" உண்டு. குறுமை என்னும் அடியோடு உறவுடையது. தமிழில் குறுங்காடு, புதர்க்காடு, கரடு உண்டு. காடும் மேய்ச்சலும் சார்ந்த நிலத்தை ஐந்திணையுள் ஒன்றாக வைத்து முல்லை என்று பெயரிட்ட இலக்கண மரபு நம்முடையது. அந்த மரபை ஆய்வு செய்யும் நாமே, ஆங்கில அறிக்கையிலிருந்து புதர்நிலத்தைப் பெயர்க்கும்போது கைநடுக்கமின்றித் "தரிசு" என்று எழுதுகிறோம். தரிசு என்பது உழுது பயிரிடாமல் விடப்பட்ட வயல். ஒருநாளும் வயலாக இராத குன்றை எப்படித் தரிசு என்பது?

எனவே இரண்டு வேண்டுகோள்கள். நிலம், சூழல், வேளாண்மை குறித்து ஆய்வேடு எழுதுவோர் புதர்நிலத்தைத் தரிசு என்று பெயர்க்காதீர்கள். அரசின் வகைப்பாட்டை மேற்கோள் காட்டும் இடத்தில் அது அரசின் வகைப்பாடு என்று ஓர் அடிக்குறிப்பாவது இடுங்கள். சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் வழித்தடம் பதிவேற்றும்போது, "ஒன்றுமில்லை" என்று எழுத வரும் இடத்தில் வண்டியை நிறுத்தி, அங்கிருப்பவரிடம் அந்தக் குன்றின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் ஏற்றங்களுக்கு நாம் சூட்டும் விளையாட்டுப் பெயர்களுக்குப் பக்கத்தில் அந்தப் பெயரும் இருக்கட்டும்.

என் பழைய குறிப்பை நேற்றிரவு திருத்திவிட்டேன். இப்போது அது இப்படி இருக்கிறது: "ஜக்கனஹள்ளிக்குப் பின் குறுங்காடு. விராலி, ஆவாரை, இலந்தை, வேல். முள் உண்டு, மாற்று டியூப் வைத்துக்கொள்ளவும். ஆடு மேய்ப்பவர்களைக் கண்டால் நின்று பேசவும். இரண்டு புட்டி தண்ணீர் அவசியம்."