இருபத்தொரு நாள் ரஜா

பங்குனி பிறந்து, விருதுநகர் மாரியம்மன் கோயில் பொங்கல் நெருங்கிவிட்டால், நம் அருப்புக்கோட்டைப் பஸ் நிலையத்தில் ஒரு விசேஷத்தைக் காணலாம். மதுரையிலிருந்து வரும் வண்டிகளிலிருந்து பெரிய பெரிய பெட்டிகள் இறங்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு இறுக்கிய பெட்டிகள். பெட்டிகளுக்குப் பின்னால் கண்ணில் தூக்கத்தோடு ஒரு மனிதர் இறங்குவார். அவர் சிங்கப்பூரிலிருந்து வருகிறாரா, துபாயிலிருந்து வருகிறாரா என்று பெட்டியைப் பார்த்தே சொல்லிவிடும் நிபுணர்கள் அங்குள்ள டீக்கடையில் உண்டு. அவரை வழிமறித்து அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது வந்தீர்கள்?" என்பது. இரண்டாவது கேள்வி, "எப்போது போகிறீர்கள்?" என்பது.

இதில் விகல்பம் ஒன்றும் இல்லை. வெளியூர்வாசியைக் கண்டால் நம்மவர் வாயில் தானாக வரும் வார்த்தை அது. ஆனால் மூன்று வருஷம் கழித்துத் தாய் தகப்பனைப் பார்க்க வந்த பிள்ளை, இன்னும் வீட்டுப் படியைக்கூட மிதிக்காத நிலையில், திரும்பிப் போகும் தேதியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தேதி அவன் குறித்ததும் அல்ல. வேறொருவர் கொடுத்த ரஜாவின் கடைசி நாள் அது.

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமை வானத்தை நம்பிய சீமை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, மல்லி, மிளகாய் எல்லாம் உண்டு. பெய்யாவிட்டால் கண்மாயில் ஆடு மேயும். அடுத்த மழைவரை சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுக் காலம் தள்ள வேண்டும். ஆகவே ஊரை விட்டுப் போவது இங்கே புதிய சங்கதி அல்ல. எவ்வளவு தூரம் போனார்கள் என்பதைச் சரித்திரக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்பதை யாரும் அத்தனை சிரத்தையாக எழுதியதாகத் தெரியவில்லை. நமக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

1840-களில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து ஜனங்கள் இராமேசுவரக் கரைவரை நடந்து, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து நூறு மைலுக்கு மேல் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து போனார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரை வாரிக்கொண்டன. அத்தனை கொடுமையிலும் ஓர் அனுகூலம் இருந்தது. காப்பிப் பழம் பறிப்பது வருஷத்தில் சில மாத வேலை. அது முடிந்ததும் தப்பிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மடியில் கொஞ்சம் பணத்தோடு அதே காட்டு வழியே ஊர் திரும்பினார்கள். ஒரு கால் இக்கரையிலும் ஒரு கால் அக்கரையிலுமாக வாழ்ந்த காலம் அது.

1869-ஆம் வருஷம் காப்பி இலையில் ஒரு பூஞ்சை நோய் தோன்றியது. பத்துப் பதினைந்து வருஷத்தில் காப்பி அழிந்து, மலையெல்லாம் தேயிலையாயிற்று. தேயிலைக் கொழுந்துக்குப் பருவம் கிடையாது. வருஷம் முழுவதும் கிள்ள வேண்டும். ஆணோடு பெண்ணும் குழந்தையும் போய் லயத்தில் குடியேற வேண்டியதாயிற்று. ஒரு செடியின் சுபாவம் மாறியதால் ஒரு ஜனசமூகத்தின் ஊர்ப் பிரயாணமே மாறிப்போன விந்தையைப் பாருங்கள்! வருஷந்தோறும் வந்தவர்கள் ஐந்து, பத்து வருஷத்துக்கு ஒரு முறை வந்தார்கள். அதுவும் கங்காணியிடம் கடன் தீர்ந்தால்தான். தொழிலாளியின் கடனை எழுதிய "துண்டு" என்னும் சீட்டு 1921-இல் ஒழிக்கப்படும் வரையில், அதை அடைக்காமல் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைப்பது எளிதாக இல்லை.

1914-இல் பாம்பன் பாலமும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் வந்தன. பிறகு பிரயாணம் சௌகரியமாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறியவர், ரயிலில் மானாமதுரையில் இறங்கி மாட்டுவண்டி பிடித்தால், தேயிலைப் பொட்டலத்தோடும் சிலோன் சேலையோடும் ஊர் வந்து சேரலாம். அருப்புக்கோட்டைக்கே ரயில் வந்தது 1960-களில்தான். அக்கரைச் சம்பாத்தியத்தில் கட்டிய காரை வீடுகள் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் சில நிற்கின்றன. காது குத்தவும், கல்யாணம் முடிக்கவும், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டவும் வந்தவர்கள் கட்டிய வீடுகள் அவை.

இந்தப் போக்குவரத்தே பிற்காலத்தில் அவர்களுக்கு எமனாக வந்தது என்பதை நம் இளைஞர்கள் அநேகர் அறியார். இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-ஆம் வருஷத்திலேயே வந்த பிரஜா உரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களைப் பிரஜைகளாக ஏற்கவில்லை. மறுவருஷம் வந்த இன்னொரு சட்டம், விண்ணப்பம் செய்தால் பார்க்கலாம் என்றது. ஆனால் 1946-ஆம் வருஷத்துக்கு முன் கல்யாணமானவர் 7 வருஷமும், ஆகாதவர் 10 வருஷமும் இடைவிடாமல் அங்கே வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் ஊரில் தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். சாகக் கிடந்த தகப்பனாரைப் பார்க்க வந்து, கருமாதி முடித்து, நிலத்தைப் பங்கு பிரித்து, மழைக்குக் காத்திருந்து திரும்பியவன் என்ன செய்வான்? ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், ஊருக்குப் போய் வருகிறார்கள், ஆகையால் இந்நாட்டில் இவர்களுக்கு ஸ்திரமான பற்றில்லை என்று வாதம் செய்தார்கள். பெற்றவளைப் பார்க்கப் போனது குற்றப்பத்திரிகையாயிற்று!

பிறகு 1964 அக்டோபர் 30-ஆம் தேதி ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. 1974-இல் பேசி, அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கலந்து ஆலோசிக்கவில்லை. ஒப்பந்தம் ஆன இரண்டு மாதத்துக்குள், அந்த டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே போயிற்று. கப்பல் அப்புறம் இராமேசுவரத்திலிருந்து ஓடி, 1984-இல் நின்றுபோயிற்று.

அந்தக் கப்பலில் வந்தவர்களுடைய பயணத்தைச் சர்க்கார் "தாயகம் திரும்புதல்" என்று குறித்துக்கொண்டது. வந்தவர்களில் பலர் ஹட்டனிலும் பதுளையிலும் பிறந்தவர்கள். பாட்டன் சொன்ன ஊர்ப் பெயரைத் தவிர இங்கே அவர்களுக்கு வேறொன்றும் தெரியாது. சிலருக்கு நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. சிலர் நூற்பாலைகளுக்குப் போனார்கள். நம் பக்கம் வந்தவர்கள், பங்காளிகள் முன்னால் வந்து நின்று, "நான் இன்னாருடைய பேரன்" என்று சொல்லித் தம்மை ருசுப்படுத்த வேண்டியிருந்தது. அக்கரையில் அவர்களைக் கள்ளத்தோணி என்று ஏசினார்கள். இக்கரையில் சிலோன்காரர் என்றோம். ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் சில தெருக்களில் அந்தப் பெயர் இன்னும் போகவில்லை. அக்கரையில் தங்கிவிட்டவர்களில் பிரஜா உரிமையின்றி நின்றவர்களுக்கு 2003-இல் இலங்கைப் பாராளுமன்றம் உரிமை கொடுத்தது.

மலேயாவுக்குப் போனவர்களின் கதை வேறு. "ரஜுலா" கப்பலில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஏறிப் பினாங்கும் சிங்கப்பூரும் போய்த் திரும்பினார்கள். அதை இன்னொரு வாரம் பார்க்கலாம்.

இப்பொழுது காடும் இல்லை, தோணியும் இல்லை. 2012 முதல் மதுரையிலிருந்தே வெளிநாட்டு விமானங்கள் பறக்கின்றன. அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் நம் ஊர். பிரயாணம் சுருங்கிவிட்டது வாஸ்தவம். ரஜாவும் சுருங்கிவிட்டதே!

நம்மிடம் பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளை ஒருவன், திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தான், சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிறான். மூன்று வருஷத்துக்குப் பிறகு போன பங்குனியில் 21 நாள் ரஜாவில் வந்திருந்தான். புறப்படுவதற்கு முந்தின வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். கணக்குச் சொல்லிக் கொடுப்பது நம் தொழிலாகையால், அவனையும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். போக வர 2 நாள். குலதெய்வம் கோயில் 2 நாள். அக்காள் மகள் காதுகுத்துக்கு 3 நாள். பத்திரப் பதிவுக்கு 2 நாள். பாங்கிக்கும் ஆதார் திருத்தத்துக்கும் 2 நாள். பந்துக்கள் வீட்டு விருந்து 5 நாள். தண்ணீர் ஒவ்வாமல் காய்ச்சலில் படுத்தது 2 நாள். பாக்கி 3 நாள். "இந்த மூன்று நாள்தான் சார், நான் வீட்டில் இருக்கிறது" என்றான்.

காதுகுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண் குழந்தைக்கு வயது நாலாகிவிட்டது. பங்காளி முறையில் வேறொரு மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அக்காள் சம்மதிக்கவில்லை. "என் கூடப் பிறந்தவன் மடி இருக்கும்போது இரவல் மடி எதற்கு?" என்று இரண்டு வருஷம் தள்ளிப் போட்டாள். குழந்தையோ கைப்பேசியில் தினம் பார்த்துச் சிரித்த மாமனை நேரில் கண்டதும் வீறிட்டு அழுது அப்பத்தாள் முந்தானையில் ஒளிந்துகொண்டது. மூன்றாம் நாள்தான் மடிக்கு வந்தது. அன்றே காதும் குத்தினார்கள். மறுபடி அழுகை!

கைப்பேசியில் முகம் தெரிகிறதே, அப்புறம் என்ன குறை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாயார் நம்மிடம் சொன்னது: "மூஞ்சி தெரியுது வாத்தியாரய்யா, வயிறு ஒட்டியிருக்கிறது தெரியலையே." அவன் அனுப்பிய பணத்தில் மாடி வீடு கட்டி, குளிர்சாதனம் வைத்த அறை ஒன்றும் இருக்கிறது. அதில் யாரும் படுப்பதில்லை. அவனும் வந்த மறுநாளே பாயைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டானாம்.

தகப்பனாருக்குக் காது சற்று மந்தம். பேசிப் பழகாத மனிதர். நாம் இருக்கும்போது மகனைப் பார்த்து, "அங்கே மழை உண்டா?" என்று கேட்டார்.

"அனேகமாகத் தினமும் பெய்யும் அய்யா."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தினமுமா?" என்றார். பிறகு, "அப்படியானால் என்ன விதைக்கிறார்கள்?" என்று கேட்டார். மகனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. "கட்டடம்தான் அய்யா" என்றான். பெரியவர் நம்பவில்லை என்றே நமக்குத் தோன்றிற்று. ஆனால் மூன்று வருஷத்தில் தகப்பனும் மகனும் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டது அதுவே முதல் தடவை என்று அந்த அம்மாள் சொன்னார்.

இப்படிப்பட்ட பேச்சுக்கு 3 நாள் போதுமா? பந்துக்களுக்கு நாம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். வந்தவன் வீட்டுக்கு முதல் மூன்று நாள் போகாதீர்கள். கைம்மாற்றுக் கேட்பவர்கள் ஒரு வாரம் பொறுங்கள். விருந்தை ஒரே வீட்டில் சேர்ந்து வையுங்கள். பத்திரமும் பாங்கியும் சம்பந்தப்பட்ட காகிதங்களை அவன் வருமுன்பே எழுதித் தயாராக வைத்திருப்பது படித்த குடும்பங்களுக்குப் பெரிய காரியமல்ல. அவன் அழைக்காமலே வீடு நிறைந்துவிட்டால், பெற்றவள் சமையற்கட்டிலும் பிள்ளை கூடத்திலுமாக ரஜா கழிந்துவிடுகிறது.

திருச்சுழியில் 1879-இல் பிறந்து, 1896-இல் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போன ரமண மகரிஷி, பிறகு வீடு திரும்பவே இல்லை. தாயார் அழகம்மாள் அங்கே போய் அழைத்தும் வரவில்லை. முடிவில் 1916-இல் தாயாரே மகனிடம் போய்ச் சேர்ந்து, 1922-இல் அங்கேயே காலமானார். அந்த அம்மாளால் ரயிலேறிப் போக முடிந்தது. கப்பல் தளத்திலும் பாலைவனத்திலும் பத்துப் பேர் ஓர் அறையில் படுக்கும் பிள்ளையிடம் நம் ஊர்த் தாய்மார் எங்கே போவது? அவன் வந்தால்தான் உண்டு. வர முடியாதவர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்தம் முடியவில்லை, முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை என்று, தகப்பனாருக்குக் கொள்ளி வைப்பதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு மறுபடி வேலைக்குப் போனவர்களை நமக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளை புறப்பட்ட அன்று பெட்டியை நிறுத்துப் பார்க்கப் பருத்திக் கடைத் தராசுக்குக் கொண்டுவந்தார்கள். விமானத்தில் அனுமதித்தது 30 கிலோ; நிறுத்தால் 33. மிளகாய் வற்றல், கருப்பட்டி, காராச்சேவு, குதிரைவாலி அரிசி, பருப்புப் பொடி எல்லாவற்றையும் எடுத்துக் கடைத் திண்ணையில் பரப்பினார்கள். எதைக் குறைப்பது என்று தாயாரும் அக்காளும் தர்க்கம் செய்துகொண்டிருக்கையில், அவன் தன்னுடைய புது வேஷ்டி இரண்டையும் செருப்பையும் ஒரு போர்வையையும் எடுத்து அக்காள் கையில் கொடுத்துவிட்டு, மற்றதை எல்லாம் அப்படியே உள்ளே வைத்துக் கயிறு கட்டச் சொன்னான்.