வாக்லிக் குன்றின் சொந்தக்காரர்கள்

இங்கிலாந்து என்றால் நம் நாவல் ரஸிகர்கள் மனத்தில் இரண்டே சித்திரங்கள்தான். தெற்கே, கூரை வேய்ந்த குடிசை, ரோஜாக் கொடி, பாதிரியார் வீட்டில் தேநீர். வடக்கே, புகைபோக்கி, கரி, மழை, ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீட்டு வரிசைகள். அந்த வடக்கத்தி ஊர்களில் அழகு என்று ஏதாவது இருந்தால், அதை யாரோ ஒரு பெரிய மனிதர்தான் கொண்டு வந்து கொடுத்திருக்க வேண்டும் என்பது இவர்களுடைய தீர்மானம். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஷெப்பீல்டு நகரத்தின் வடமேற்கே, மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் வாக்லி என்ற புறநகரைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

ஷெப்பீல்டு கத்தி செய்து பெயர் வாங்கிய ஊர். வாக்லி மேட்டுக்குக் கீழே ரிவலின் என்ற சிற்றாறு ஓடுகிறது. ஒரு காலத்தில் அதன் தண்ணீர் வேகத்தில் சாணைச் சக்கரங்கள் வரிசையாகச் சுழன்றன. சக்கரங்கள் போய்விட்டன, தண்ணீரைத் தேக்கி வைத்த குளங்கள் மரங்களுக்கு நடுவே இன்னும் கிடக்கின்றன. அழகான இடம்தான். ஆனால் அந்தச் சக்கரத்தின்மேல் குனிந்து உட்கார்ந்தவன் கல் தூளைச் சுவாசித்து, நுரையீரல் கெட்டு, பாதி வயசில் செத்தான். அவனுக்குக் காற்று என்பது கவிதை விஷயமல்ல. அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். உருக்காலைப் புகை கிழக்கே போகும். மேற்கே பணக்காரர்கள் பங்களா கட்டிக்கொண்டார்கள். கைத்தொழில்காரன் வாக்லி மேட்டில் ஏறினான். 'தொழிலாளியின் மேற்குப் பேட்டை' என்று அதற்குப் பெயரே ஏற்பட்டது.

எப்படி ஏறினான்? தர்மத்தால் அல்ல. 1840களின் கடைசியிலிருந்து இங்கிலாந்தில் நிலச் சங்கங்கள் தோன்றின. அங்கத்தினர்கள் கொஞ்சங் கொஞ்சமாகச் சந்தா கட்டுவார்கள். சங்கம் நிலத்தை மொத்தமாக வாங்கி, மனைகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கிக் கொடுக்கும். நம் ஊர்ச் சீட்டு நடத்துகிறவர்களுக்கு இது புரியாத வித்தையல்ல. இதில் ஓர் அரசியல் சூட்சுமமும் இருந்தது. வருஷத்துக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள சொந்த நிலம் உடையவனுக்கு அந்த மாவட்டத் தேர்தலில் ஓட்டு உண்டு. மனை வாங்கினால் ஓட்டும் வரும். வாக்லியில் ஒரு தெருவுக்கு 'சுதந்திர ரோடு' என்றும், இன்னொன்றுக்கு 'உழைப்புத் தெரு' என்றும் இன்றும் பெயர் இருக்கிறது.

மனை வாங்கியவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. நாலைந்து மனையைச் சேர்த்து வாங்கி வாடகைக்கு விட்டவனும் இருந்திருப்பான். எந்த ஊரில் இல்லை?

நகர அமைப்பு நிபுணர்கள் இந்தத் தெருக்களைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். மலையின் வளைவைப் பார்க்காமல், தட்டையான காகிதத்தில் கோடு போட்டு, அதை அப்படியே சரிவின்மேல் விரித்தது போலத் தெருக்கள் நேராகக் கீழே பாய்கின்றன. ஒரு வீடு மேலே, அடுத்தது ஓர் ஆள் உயரம் தாழ்ந்து. ஒன்று கல், ஒன்று செங்கல். வாஸ்தவம். மூச்சு வாங்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரே சந்தா கட்டினவர்களுக்கு ஒரே அளவு மனை என்றால், மலையின் நெளிவைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக் கொடுக்க முடியுமா? பிரபு ஒருவர் கட்டியிருந்தால் பிறை வடிவத்தில் வீதி அமைத்து நடுவே புல்வெளி வைத்திருப்பார். அதில் சாணைக்காரன் தோட்டக்காரனாக நுழைந்திருப்பான்.

இனி ரஸ்கினுக்கு வருகிறேன். 1904ல் காந்திஜி தென்னாப்பிரிக்காவில் ரயிலில் அவருடைய 'அண்டு திஸ் லாஸ்ட்' என்ற புத்தகத்தைப் படித்து வாழ்க்கையை மாற்றிக்கொண்டதால், நம்மவர்களுக்கு அவரிடம் பக்தி உண்டு. எனக்கும் உண்டு. 1875ல் அவர் வாக்லியில் ஒரு சின்ன வீட்டில் தொழிலாளருக்காகக் காட்சிசாலை வைத்தார். ரத்தினக் கற்கள், சித்திரங்கள், வெனிஸில் வாங்கிய வெரோக்கியோவின் மாதா படம். புகையை விட்டு மேலே ஏறி வந்து அழகைப் பார்க்கட்டும் என்று நினைத்தார். நல்ல நினைப்பு. ஆனால் அவர் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே சங்கத்துக்காரர்கள் ஏறிவிட்டார்களே! 1890ல் காட்சிசாலை வேறு புறநகரில் ஒரு பெரிய மாளிகைக்குப் போயிற்று. இப்போது அந்தச் சேகரிப்பு நகர மத்தியில் இருக்கிறது. வாக்லி வாக்லியாகத்தான் இருக்கிறது.

இது பழங்கதை என்று தள்ளுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1905ல் கார்னிகியின் பணத்தில் வாக்லியில் ஒரு நூலகம் திறந்தார்கள். 2014ல் நகர சபை சிக்கனம் பேசி, பல கிளை நூலகங்களைத் தொண்டர்கள் தலையில் கட்டியது; வாக்லியும் அதில் ஒன்று. ஊர்க்காரர்கள் அதை மூட விடாமல் காப்பாற்றினார்கள். உடனே, "பார்த்தீர்களா, அந்த மக்களின் தன்னம்பிக்கையை!" என்று மெச்ச ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. ரஸ்கின் கொடுத்தார் என்று சொன்னவர்களைவிட இவர்கள் பொல்லாதவர்கள். பாட்டன் சந்தா கட்டினான், நிலம் கிடைத்தது. பேரன் வரி கட்டுகிறான். அதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை மேட்டில் ஏறிப் புத்தகமும் அடுக்க வேண்டுமாம்.