துரோகி என்று சொல்லிவிட்டால் கணக்கு முடிந்ததா?

போன மாதம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாசிப்பு வட்டம். பூனா ஒப்பந்தம் பற்றிப் பேச்சு. எம்.சி. ராஜா பெயர் வந்ததுமே ஒரு கல்லூரித் தம்பி, "மூஞ்சேகூட கையெழுத்துப் போட்ட துரோகிதானேண்ணா அந்தாளு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தினம் மின்சார ரயிலில் பரங்கிமலையைத் தாண்டித்தான் வங்கிக்குப் போகிறேன். அந்தப் பரங்கிமலையில் 1883-ல் பிறந்து, அதே ஊரில் 1943-ல் செத்துப்போன ஒரு மனுசனின் அறுபது வருசத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுச் சிரித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஆகவே இந்தக் கட்டுரையில் முதல் சூடு எனக்குத்தான்.

யார் இந்த ராஜா? சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். இன்று தாம்பரத்தில் இருக்கும் அதே கல்லூரி, அன்று ஜார்ஜ் டவுனில் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார். 1916-ல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளர். 1920-ல் சென்னை சட்டமன்றத்துக்குள் போனார். பஞ்சமன், பறையன் என்று அரசாங்க ஏட்டில் எழுதாதே, ஆதிதிராவிடன் என்று எழுது என 1922-ல் தீர்மானம் வந்தது அவர் முயற்சியால். 1921 புளியந்தோப்புக் கலவரத்தில் நம்ம சனத்தின் குடிசைகள் எரிந்தபோது, ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்கள் பழியை நம்ம தலையிலேயே போட்டார்கள். 1923-ல் அந்தக் கட்சியை விட்டு வெளியே வந்தார் ராஜா. ஆளுங்கட்சியை உதறிவிட்டு வருவது லேசான காரியமா? இன்று எத்தனை பேருக்கு அந்த முதுகெலும்பு இருக்கிறது, நாமே எண்ணிப் பார்க்கலாம்.

1926 முதல் 1937 வரை தில்லி மத்திய சட்டசபையில் நியமன உறுப்பினர். இதற்கு நடுவில்தான் 1932.

தனி வாக்காளர் தொகுதி கேட்டுக்கொண்டிருந்தவர், வட்டமேசைக்கு அழைக்கப்படாதவர், திடீரென்று இந்து மகாசபையின் மூஞ்சேயோடு கூட்டுத்தொகுதி ஒப்பந்தம் போட்டார். தவறுதான். பூசிமெழுக நான் வரவில்லை. லண்டனில் அம்பேத்கரும் ரெட்டைமலை சீனிவாசனும் வாதாடி வாங்கப் பார்த்ததை, இங்கிருந்தே ஒருவர் வேண்டாம் என்றால் எதிரிக்கு வேறென்ன வேண்டும்? அந்தக் குற்றத்தை ராஜா சுமந்துதான் ஆக வேண்டும்.

ஆனால் நாம் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம் தோழர்களே. மூடினால் யாருக்கு லாபம்? அடுத்த பக்கத்தில் 1938 இருக்கிறது.

1937 தேர்தல் பூனா ஒப்பந்தப்படி நடந்தது. சென்னை மாகாணத்தில் நமக்கு 30 தனித்தொகுதி. அதில் 26 காங்கிரசுக்குப் போனது என்று அம்பேத்கர் கணக்குக் கொடுக்கிறார். ராஜாவும் சட்டமன்றத்தில் இருந்தார். 1938-ல் பொதுக்கிணறு, பொதுப்பாதை உரிமைக்கான குடிமை இயலாமைகள் ஒழிப்புச் சட்டம் அவர் கொண்டுவந்து நிறைவேறியது. அடுத்து கோயில் நுழைவு மசோதா. 1933-ல் தில்லியில் கோயில் நுழைவு மசோதாவுக்காக ஓடியாடி ஆதரவு திரட்டிய அதே ராஜாஜிதான் இப்போது பிரதமர். வாபஸ் வாங்கு என்றார். ராஜா மறுத்தார். மசோதா தோற்றது. காங்கிரஸ் சீட்டில் ஜெயித்துவந்த நம்ம உறுப்பினர்கள்? கட்சிக் கட்டுப்பாடு! ராஜா காந்திக்கு எழுதிக் கேட்டார். ராஜாஜியை நம்புங்கள் என்று பதில் வந்தது. சென்னை மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947-ல் வந்தபோது ராஜா செத்து நாலு வருசம்.

கூட்டுத்தொகுதி என்றால் என்னவென்று தன் கண் முன்னாலேயே, தன் மசோதாவின் பிணத்தை வைத்துக்கொண்டு பார்த்தவர் அவர். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1942-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சருமான ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் தில்லிக்கு வந்தபோது, அம்பேத்கரோடு சேர்ந்து போய், எங்களுக்குப் பாதுகாப்பில்லாத இந்தத் திட்டம் வேண்டாம் என்று சொன்னார். பத்து வருசத்துக்கு முன் எதிர்த்து நின்றவரோடு பக்கத்தில் போய் நிற்பதற்கு எவ்வளவு வெட்கத்தை விழுங்கியிருக்க வேண்டும்!

இது ஏன் எனக்குத் தைக்கிறது என்றால், ஒரு சொந்தக் கதை. நான் வேலை பார்த்த ஒரு கிளையில் சங்கத் தேர்தல் வந்தது. செயற்குழுவில் "உங்க ஆளு" ஒருத்தர் இருக்கணும் என்று அவர்களே சொன்னார்கள். நான் பெயர் கொடுத்தேன். "நீ வேணாம்ப்பா, நீ கவிதையெல்லாம் எழுதுறவன், சண்டைக்கு வருவ" என்றார்கள். பதவி உயர்வு ரோஸ்டர் பற்றி ஒரு நாளும் வாய் திறக்காத நம்ம அண்ணன் ஒருவரை நிறுத்தினார்கள். எல்லோரும் ஓட்டுப்போட்டார்கள். அவர் ஜெயித்தார். அவரைத் துரோகி என்று கேன்டீனில் திட்டிக்கொண்டு திரிந்தேன். இப்போது யோசித்தால், அவரைத் தேர்ந்தெடுத்த ஏற்பாட்டை ஒரு வார்த்தை திட்டியதில்லை நான். அவர் போய் இன்னொருவர் வந்தாலும் அதே கதைதான் நடக்கும். நாற்காலி நம் பெயரில், நாற்காலியின் கால் அவர்கள் கையில்.

தமிழ்நாட்டில் இன்று 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44 நமக்கான தனித்தொகுதி. சேரிக்குத் தீ வைத்தால் இந்த 44 பேரில் எத்தனை பேர் கட்சித் தலைமையைக் கேட்காமல் எழுந்து பேசுவார்கள்? பேசாதவரைத் துரோகி என்று சுவரெழுத்து எழுதுகிறோம். மறுதேர்தலில் வேறொருவர் வருகிறார், அவரும் பேசமாட்டேன் என்கிறார். மறுபடி சுவர், மறுபடி சுண்ணாம்பு. ஆளைத் திட்டித் திட்டியே இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றிக் கொடுக்கிறோம். துரோகி என்ற சொல் நமக்குக் கோபத்தைத் தருகிறது, அவர்களுக்கு நிம்மதியைத் தருகிறது.

ராஜாவுக்கு மாலை போடச் சொல்லவில்லை. அவரை வாசிக்கச் சொல்கிறேன். 1932-ல் எங்கே சறுக்கினார் என்பதை வாசி. 1938-ல் எதைக் கண்டார் என்பதையும் சேர்த்து வாசி. பாதியில் நிறுத்துகிறவன் அவர் சறுக்கிய இடத்திலேயே நாளைக்குத் தானும் சறுக்குவான்.

அந்தத் தம்பியிடம் அடுத்த ஞாயிறு கேட்கப்போகிறேன்: "சரிப்பா, ராஜா துரோகி. அவர் மசோதாவைத் தோற்கடித்த அந்தத் தேர்தல் ஏற்பாடு இன்னும் நடக்குதே, அதுக்கு என்னா பேரு வைக்கப்போற?"